மருத்துவர் சொல்ல, அருகில் ஒருவர் எழுத: வாசகர் கேள்வி பதில்

வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு அருகில் அமர்ந்து அவருக்காகக் குறிப்பெழுதும் ஸ்கிரைப்புகளைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால் அவற்றுள் ஆறினைத் தேர்ந்து, சுருக்கி, இந்த இதழில் சேர்த்தே விடை தருகிறோம்.

கேள்வி: டெக்சாஸில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது மூட்டுவலிக்காக ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவருடன் ஓர் இளம்பெண்ணும் உள்ளே வந்து, மூலையில் நின்றபடி நாங்கள் பேசியதையெல்லாம் மடிக்கணினியில் தட்டச்சு செய்தார். செவிலியரா என்று கேட்டேன், ஸ்கிரைப் என்றார்கள். நம் ஊரில் பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தருபவரைத்தான் அப்படிச் சொல்வோம். இவருடைய வேலை என்ன? அந்த மருத்துவருக்குத் தம் கையால் எழுத முடியாதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஏறத்தாழ அதே வேலைதான். தேர்வு அறையில் எழுதித் தருபவர் தமக்கு விடை தெரிந்திருந்தாலும் மாணவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் அல்லவா? மருத்துவ ஸ்கிரைப்புக்கும் அதுவே முதல் விதி. ஆனால் இவர் கேட்டதை வரிக்கு வரி எழுதுவதில்லை. நோயாளியும் மருத்துவரும் முன்னும் பின்னுமாகப் பேசிக்கொள்வதிலிருந்து குறிப்புக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்து, நோயாளி சொன்னது, மருத்துவர் பரிசோதித்துக் கண்டது, அதிலிருந்து அவர் வந்த முடிவு, அடுத்துச் செய்ய வேண்டியது என்ற நான்கு பகுதிகளில் உரியதை உரிய இடத்தில் வைக்கிறார். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் முன்வைத்த பதிவு முறையிலிருந்து வந்த இந்த வரிசையை, 'சோப்' குறிப்பு என்ற பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

மருத்துவரே ஏன் எழுதவில்லை என்பதற்கான காரணம் 2009 ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு அமெரிக்காவில் நிறைவேறிய 'ஹைடெக்' சட்டம், தாள் கோப்புகளை விட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கியது. மாறாதவர்களுக்கு, முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் தரும் தொகையில் பின்னர் பிடித்தமும் செய்தது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மருத்துவமனைகள் கணினிக்கு மாறிவிட்டன. அந்தப் பதிவேடுகள் நோயாளியின் நிலையைச் சொல்வதோடு நிற்காமல், காப்பீட்டுக்கு அனுப்பும் பில்லுக்கும் சான்றாக நிற்க வேண்டியிருந்தது. என்னென்ன விசாரித்தார், எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார் என்ற எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் அமைந்ததால், சாதாரணச் சளிக்கும் பக்கக் கணக்கில் குறிப்பெழுதும் வழக்கம் வேரூன்றியது. வெளிநோயாளர் வருகைகளுக்கு இந்த எண்ணிக்கை முறை 2021 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. வழக்கம் அத்தனை விரைவில் போய்விடவில்லை.

இதன் விளைவை 57 மருத்துவர்களின் பணிநேரத்தை அருகிலிருந்து அளந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிப்படுத்தியது. அவர்களுடைய வேலை நேரத்தில் நோயாளியோடு நேருக்கு நேர் செலவானது 27 விழுக்காடு மட்டுமே. கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் சென்றது 49 விழுக்காடு. வீட்டுக்குப் போன பிறகு இரவில் மேலும் ஓரிரு மணி நேரம் குறிப்பெழுதியவர்களும் அவர்களில் இருந்தனர். ஒரு மருத்துவரின் நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை அறிந்த மருத்துவமனைகள், அதைவிட மிகக் குறைந்த ஊதியத்தில் கிடைக்கும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவதே லாபம் என்று கண்டன. முதலில் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் பரவிய இந்த ஏற்பாடு பிறகு வெளிநோயாளர் கிளினிக்குகளுக்கும் வந்தது. நீங்கள் பார்த்தவர் மருத்துவக் கல்லூரியில் சேர முயன்றுகொண்டிருக்கும் ஓர் இளம் பட்டதாரியாக இருக்கலாம். அங்கே பலர் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டுகளை இந்த வேலையில்தான் கழிக்கிறார்கள்.

கேள்வி: நான் பொது மருத்துவர், தாராபுரத்தில் சொந்த கிளினிக் நடத்துகிறேன். மாலை ஓ.பி.யில் எண்பது, தொண்ணூறு டோக்கன் வரை போகிறது. பாதிக்கு மேல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு நோயாளிகள். வாரத்தில் இரண்டு நாள் செல்லும் தனியார் மருத்துவமனையில் எல்லாவற்றையும் கணினியில் பதியச் சொல்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. கிளினிக்கிலும் கணினி வைத்து, எழுதுவதற்கு ஓர் ஆளை அமர்த்தலாமா என்று யோசிக்கிறேன். உண்மையில் பயன் உண்டா? எப்படித் தொடங்குவது?
— மருத்துவர், தாராபுரம்

பதில்: பயன் உண்டு என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது, டாக்டர், ஆனால் அது கிடைத்த இடங்கள் உங்கள் கிளினிக்கைப் போன்றவை அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சில பணிநேரங்களுக்கு ஸ்கிரைப் கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். ஸ்கிரைப் இருந்தபோது ஒரு மருத்துவர் மணிக்குப் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை 1.13இலிருந்து 1.31 ஆக உயர்ந்தது. மணிக்கு ஒருவர் என்ற இந்தக் கணக்கைப் படிக்கும்போதே நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு நெருக்கமானது அமெரிக்காவில் ஒரு குடும்ப மருத்துவக் கிளினிக்கில் ஓராண்டு நடந்து 2017இல் வெளியான சிறிய ஆய்வு. அதில் நான்கு மருத்துவர்கள்தான் இருந்தார்கள். ஸ்கிரைப் இருந்த வாரங்களில் அவர்களுடைய மனநிறைவு தெளிவாகக் கூடியது, குறிப்புகள் காலத்தில் முடிந்தன, நோயாளிகளின் திருப்தி குறையவில்லை.

நம் ஓ.பி. வேறு உலகம். 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவரிடம் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம் என்றும், வங்கதேசத்தில் 48 வினாடி என்றும் காட்டியது. இந்தியாவுக்கு அதில் சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிட ஓ.பி.யில் குறிப்பு என்பதே 'சி.எஸ்.டி.' என்ற மூன்றெழுத்துதான்: முந்தைய மருந்துகளையே தொடர்க. அமெரிக்க மருத்துவர் ஸ்கிரைப் வைப்பது எழுதும் சுமையைக் குறைக்க. நம்மிடம் அந்தச் சுமையே பெரும்பாலும் இல்லை, ஏனெனில் நாம் எழுதுவதே இல்லை. ஆகவே உங்கள் கிளினிக்கில் ஒருவரை அமர்த்தினால் அவர் செய்யப்போவது, இதுவரை இல்லாத ஒரு பதிவை உண்டாக்கும் வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் தொடங்கியவர்கள், எழுத வந்த ஆளை ஆறு மாதத்தில் டோக்கன் கூப்பிடுபவராக மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 என்று சீட்டைப் பார்த்த மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டப் போகிறார். எழுந்துகொண்டே அந்த அம்மாள், "ராத்திரி மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுது டாக்டர், அதை மட்டும் விட்டுட்டேன்" என்கிறார். பேனா ஏற்கெனவே தாளில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வாக்கியம் காதில் விழாமலே போகக்கூடும். அருகில் எழுதுபவர் இருந்தால், 'இரவு மெட்ஃபார்மின் எடுப்பதில்லை; குமட்டல்' என்று திரையில் ஒரு வரி ஏறும்; மருத்துவரின் கண்ணும் நோயாளியின் முகத்தில் இருந்திருக்கும். அளவைக் கூட்டுவதா, உணவோடு சேர்த்து எடுக்கச் சொல்வதா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதா என்ற முடிவே அப்போது வேறாகிவிடும். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது அந்த வரி அங்கேயே இருக்கும்.

தொடங்குவதற்கு முதலில் மாற வேண்டியவர் நீங்கள்தான். மௌனமாகப் பரிசோதிக்கும் பழக்கம் உள்ள மருத்துவருக்கு எந்த ஸ்கிரைப்பும் உதவ முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போதே "கல்லீரல் தட்டுப்படவில்லை, எங்கும் வலி இல்லை" என்றும், காலைப் பார்க்கும்போதே "வீக்கம் இல்லை, இரண்டு பாதத்திலும் புண் இல்லை, உணர்ச்சி சரியாக இருக்கிறது" என்றும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும். நோயாளிகளுக்கு இது பிடிக்கும் என்பது என் எண்ணம். தம் உடம்பில் எது நன்றாக இருக்கிறது என்று எந்த மருத்துவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. புற்றுநோய் ஐயம் போன்ற செய்திகளை மட்டும் இப்படி உரக்கச் சொல்லக் கூடாது. அவற்றை எழுதுபவருக்குத் தெரிவிக்க வேறொரு வழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மருந்து. மருந்துச் சீட்டை ஸ்கிரைப் தட்டச்சு செய்யலாம். மருந்தின் பெயர், அளவு, வேளை, நாள் ஆகிய நான்கையும் அவர் திரும்ப வாசிக்க, நீங்கள் சரி என்ற பிறகே அச்சாக வேண்டும். நம் மருத்துவர்கள் மருந்தளவை ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' ஆகிய இரண்டும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும். இன்சுலின் அலகுகளில் அந்தக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. எண்ணைச் சொல்லும்போது 'ஒன்று-ஐந்து' என இலக்கம் பிரித்துச் சொல்வது நல்லது. வலது, இடது என்பவற்றையும் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலிய ஆய்விலும் பதிவான சிறு பிழைகளில் ஒரு வகை, வேறொரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது. ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும் நம் பக்கத்தில், டோக்கன் எண்ணோடு வயதையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் சரிபார்த்த பிறகே பக்கத்தைத் திறக்க வேண்டும். கையொப்பத்துக்கு முன் முழுக் குறிப்பையும் நீங்கள் படிக்க வேண்டும் என்பதில் தளர்வே கூடாது. இரவு பத்து மணிக்குத் தொண்ணூறு குறிப்புகளையும் ஒரே மூச்சில் ஒப்பமிடுவது படித்தது ஆகாது. நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் பத்து வினாடி திரையைப் பார்த்து முடித்துவிடுவதே நடைமுறையில் நிற்கும்.

ஆள் யார் என்றால், உயிரியல் படித்த ஒரு பட்டதாரி, மருந்தியல் பட்டயம் பெற்றவர், செவிலியர் உதவியாளராக இருந்தவர் என்று யாராகவும் இருக்கலாம். மருத்துவம் தெரியுமா என்பதைவிட, கேட்டது விளங்காதபோது "டாக்டர், மறுபடி சொல்லுங்க" என்று நோயாளியின் எதிரிலேயே கேட்கும் துணிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துணிவு அவருக்கு வருவதும் வராததும், முதல் முறை கேட்டபோது நீங்கள் முகம் சுளித்தீர்களா என்பதைப் பொறுத்தது.

உள்ளூரிலிருந்து ஆளெடுத்துப் பயிற்றுவிக்க முடியும் என்பதற்கு நம்மிடமே முன்னோடி உண்டு. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சி அளித்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக உருவாக்குகிறது. பார்வைத் திறனை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோய் வரலாறு கேட்டு எழுதுவது ஆகியவற்றை அவர்கள் முடித்த பிறகே நோயாளி மருத்துவர் முன் அமர்கிறார். அவர்கள் ஸ்கிரைப்புகளைவிட மிகுதியாகச் செய்பவர்கள். ஆனாலும் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது எது, மற்றவர் செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்த அந்த அணுகுமுறை உங்கள் கிளினிக்குக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்றை வற்புறுத்துகிறேன். நேரம் மிச்சமானதும் தொண்ணூறு டோக்கனை நூற்றிருபது ஆக்கும் ஆசை வரும். ஸ்கிரைப்பின் சம்பளத்தை எப்படி ஈடுகட்டுவது என்ற நியாயமான கேள்வியோடுதான் அது வரும். கொஞ்சம் கூட்டுங்கள், தவறில்லை. முழுவதையும் டோக்கனுக்கே கொடுத்துவிட்டால் உங்கள் கண் திரையிலிருந்து சுவர்க் கடிகாரத்துக்கு மாறியிருக்குமே தவிர, நோயாளியிடம் வந்திருக்காது.

கேள்வி: மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சென்றேன். அறையில் மருத்துவருக்குப் பின்னால் ஓர் இளைஞர் கணினியுடன் அமர்ந்திருந்தார். யார் என்று எனக்குச் சொல்லவும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல், வேறு எதையோ சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரை வெளியே இருக்கச் சொல்லும்படி கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்டு. காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. "இதை உங்களிடம் தனியாகப் பேச வேண்டும், டாக்டர்" என்ற ஒரு வரி போதும். அதற்காக எந்த மருத்துவரும் உங்களைத் தவறாக நினைக்கக் கூடாது. நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பது மருத்துவரின் கடமை என்பதை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. எழுதுபவர் மருத்துவரின் சார்பில் அங்கே இருப்பதால் அந்தக் கடமை அவர் மூலமாகவும் மருத்துவரையே சேர்கிறது.

உங்கள் அனுபவத்தில் பிழை உங்களுடையது அன்று. "இவர் எனக்காகக் குறிப்பெழுதுகிறார், இருக்கலாமா?" என்று மருத்துவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மகளிர் மருத்துவத்தில் அந்த இடத்துக்குப் பெண் ஒருவரையே அமர்த்தியிருக்க வேண்டும், உடல் பரிசோதனைக்குத் திரை இழுத்த பின் எழுதுபவர் திரைக்கு வெளியே இருந்து குரலை மட்டும் கேட்டால் போதும். சொல்லாமல் வந்த அந்தச் செய்தியைத் தள்ளிப்போடாமல், திரும்பச் சென்று தனியாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று வாங்கிய மாத்திரை உங்களுக்கு இல்லாத வேறொரு நோய்க்கானதாகவே இருந்துவிடும்.

கேள்வி: பி.ஃபார்ம் முடித்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் 'விர்ச்சுவல் மெடிக்கல் ஸ்கிரைப்' வேலைக்கு அழைத்திருக்கிறது. இரவுப் பணி. பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் தயங்குகிறார்கள். வேலை எப்படிப்பட்டது, சேரலாமா?
— வாசகி, நாமக்கல்

பதில்: முன்பணத்தைக் கட்டாதீர்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்கிற நிறுவனம் பயிற்சியைத் தன் செலவில் தருவதே முறை. பணம் கேட்கும் இடத்தில் பயிற்சிதான் விற்பனைச் சரக்கு.

வேலையைப் பொறுத்தவரை, அமெரிக்க கிளினிக் ஒன்றில் மருத்துவரும் நோயாளியும் பேசுவதை இணையத்தின் வழியே நீங்கள் நேரலையில் கேட்டு, அவர்களுடைய பதிவேட்டிலேயே குறிப்பெழுதுவீர்கள். அங்கே கிழக்குக் கரையில் காலை எட்டு மணி என்பது கோடைக்காலத்தில் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. மேற்குக் கரை மருத்துவர் என்றால் மேலும் மூன்று மணி நேரம் தள்ளி, இரவு எட்டரையிலோ ஒன்பதரையிலோ தொடங்கி விடியும்வரை போகும். எந்தக் கரை மருத்துவர் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். உங்கள் தூக்கத்தையும் வீட்டாரின் தயக்கத்தையும் தீர்மானிக்கப்போவது அதுதான். போகவர வண்டி உண்டா, ஒரே மருத்துவரோடு தொடர்ந்து வைப்பார்களா, நாளுக்கு எத்தனை நோயாளிகள், குறிப்பில் பிழை கண்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பவற்றையும் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் நம் ஊர்களில் தெருவுக்கொரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வகுப்பு முளைத்தது வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் தயங்குவதில் காரணம் இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது மருத்துவர் பேசிப் பதிவு செய்த ஒலியைப் பின்னர் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. இது அந்த நேரத்திலேயே புரிந்துகொண்டு வகைப்படுத்தும் வேலை என்பதால், மருந்தியல் படிப்பு உங்களுக்கு உண்மையான கைமுதல். பேச்சுவழக்கு ஆங்கிலம், அதிலும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்த மருத்துவர்கள் பேசும் ஆங்கிலம் காதுக்குப் பழகச் சில மாதம் ஆகும். 'ஹிப்பா' என்ற அமெரிக்க நோயாளித் தகவல் பாதுகாப்புச் சட்டம் (1996) உங்களையும் சுற்றி வளைக்கும் என்பதால், கைபேசியும் பேனாவும் தாளும் பல நிறுவனங்களில் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. கேட்ட கதைகளை வீட்டில் சொல்வதும் கூடாது.

சேரலாமா என்றால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேரலாம் என்பேன். அதற்குள் மருத்துவக் குறியீட்டுப் பணி (மெடிக்கல் கோடிங்), குறிப்புகளின் தரம் சரிபார்க்கும் பணி, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகியவற்றில் ஒன்றை நோக்கி நகரத் திட்டமிடுங்கள். ஏன் இரண்டு மூன்று ஆண்டு என்று வரையறுக்கிறேன் என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இப்போது மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதிவிடுகிறதாமே. இனி இந்த ஆட்கள் எதற்கு? நம் ஊர் மருத்துவர்கள் நேராக அதற்கே போய்விடலாமே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: அமெரிக்காவில் அந்தத் திசையில்தான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நுவான்ஸ் நிறுவனம் இத்தகைய மென்பொருளைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022இல் வாங்கி முடித்தது. கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பின் மருத்துவர் குழு 2023 அக்டோபரில் தன் மருத்துவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு கருவியைக் கொடுத்தபோது, பத்தே வாரத்தில் 3,442 மருத்துவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளில் அதைப் பயன்படுத்தினார்கள். களைத்துப் போன மருத்துவர்கள் ஒரு கருவியை இத்தனை ஆவலோடு எடுத்துக்கொள்வது அரிது.

அதன் குறை எழுத்துப்பிழை அன்று. குறிப்பு எப்போதும் சரளமாக, நம்பத்தக்கதாக இருப்பதுதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் சிலவேளை, குறிப்பாகப் பேச்சில் இடைவெளி விழும்போது, யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தாமாகச் சேர்த்துவிடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஸ்கிரைப்புக்கு ஒன்று விளங்காவிட்டால் அந்த இடம் காலியாக நிற்கும்; மருத்துவரின் கண்ணில் படும். மென்பொருள் நிரப்பிய இடம் கண்ணில் படாது. பரிசோதிக்காத நுரையீரலைப் பரிசோதித்ததாக ஒரு வரி அழகான நடையில் அமர்ந்திருந்தால், களைத்த மருத்துவர் அதைக் கடந்து போய்விடுவார்.

நம் ஓ.பி.யின் நிலைமை இன்னும் சிக்கலானது. நோயாளி கொங்குத் தமிழில் பேச, கூட வந்த மகன் குறுக்கிட்டு வேறொன்று சொல்ல, மருத்துவர் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்ல, கதவைத் திறந்து அடுத்த டோக்கன் எட்டிப் பார்க்க, இவற்றுள் யாருடைய உடம்பைப் பற்றிய பேச்சு எது என்று பிரிப்பது ஒரு மனிதருக்கே கடினம். தமிழில் இந்தக் கருவிகள் நாளுக்கு நாள் மேம்படுகின்றன என்பதை மறுக்கவில்லை. பயன்படுத்திப் பார்க்க விரும்பும் மருத்துவர் நோயாளியிடம் ஒலிப்பதிவுக்கு வெளிப்படையாக ஒப்புதல் பெறட்டும். பதிவு எங்கே போகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். சில வாரங்கள் ஒவ்வொரு குறிப்பையும் தாமே எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆட்கள் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என் விடை: தட்டச்சு மட்டுமே செய்யும் ஆட்களுக்கு வேலை குறையும். மென்பொருள் எழுதியதைக் கேட்டறிந்து திருத்துபவர், மருத்துவரை இடைமறித்து ஐயம் கேட்பவர், நோயாளி மறந்த பழைய சீட்டைத் தேடி எடுத்து வைப்பவர் ஆகியோர் இன்னும் சில காலம் தேவைப்படுவார்கள்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் ஓ.பி. குறிப்பில் 'பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி' என்று இருக்கிறது. உதவியாளர் தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார் என்கிறார்கள். பின்னர் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கோரியபோது, அதை மறைத்துவிட்டதாகச் சொல்லி நிறுவனம் பணம் தர மறுக்கிறது. யார் பொறுப்பு, இப்போது என்ன செய்வது?
— வாசகர், வேலூர்

பதில்: யார் தட்டச்சு செய்திருந்தாலும், கையொப்பமிட்ட மருத்துவரின் குறிப்புதான் அது. உதவியாளரின் தவறு என்பது மருத்துவமனைக்குள் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி, உங்களுக்கு விடையாகாது.

முதலில் அந்தக் குறிப்பின் நகலையும் தந்தையின் மற்ற மருத்துவப் பதிவுகளின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று மேலே சொன்ன 2002 விதிமுறைகள் கூறுகின்றன. கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சர்க்கரை நோய் இல்லை என்பதற்கான சான்றுகளைச் சேருங்கள்: பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அறிக்கை, சர்க்கரைக்கான மருந்து எதுவும் இல்லாத பழைய மருந்துச் சீட்டுகள். அந்த ஓ.பி. நாளுக்கு முந்தைய தேதியிட்டவை மிக வலுவானவை.

இவற்றோடு மருத்துவரைச் சந்தித்துத் திருத்தம் கோருங்கள். பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய குறிப்பு அச்சடித்துத் தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள். அழித்தெழுதிய ஆவணத்தைக் காப்பீட்டு நிறுவனம் இன்னும் கூடுதலாகச் சந்தேகிக்கும். தாள் என்றால் தவறான வரி படிக்கும்படியே இருக்க ஒற்றைக் கோடு இழுத்து, அருகில் சரியானதை எழுதி, தேதியும் கையொப்பமும் இட வேண்டும். கணினிப் பதிவு என்றால் மூலக் குறிப்பு அப்படியே இருக்க, பின்னிணைப்பாக ஒரு திருத்தக் குறிப்பு அன்றைய தேதியோடு சேர வேண்டும். அத்துடன் மருத்துவமனையின் கடிதத் தாளில், இன்ன தேதியிட்ட குறிப்பில் சர்க்கரை நோய் என்று பதிவானது எழுத்துப் பிழை என்று மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு சான்றும் வாங்குங்கள்.

அவற்றைக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதால், மறுப்புக் கடிதத்தின் உறையையும் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.